நாலாம் நம்பர் விளக்கு

வில்பிரட் மாஸ்டர் வாயில் ரகசியம் தங்காது என்பது சென்னையை ஒட்டிய அஸ்தினாபுரத்துக்கே தெரியும். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்ற வைத்த பி.டி. மாஸ்டர் அவர். ரிட்டையர் ஆன பிறகும் தொண்டை மட்டும் ரிட்டையர் ஆகவில்லை. மெதுவாகப் பேசுகிறேன் பேர்வழி என்று அவர் ஆரம்பித்தால் மூன்றாவது வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தைப் பதினொரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் பூட்டிக்கொண்டு திரிந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்!

விஷயம் இதுதான். டிவியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி ஒன்று, பல ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வீட்டைப் பொறுக்கியெடுத்து அங்கே ஒரு சின்னப் பெட்டியை வைக்கிறது. அந்த ஒரு வீடாக மாஸ்டர் வீடு அமைந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த முகிலன் என்கிற பையன் டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில், குழந்தை இயேசு சொரூபத்துக்குக் கீழ்த்தட்டில், பெட்டியை வைத்துவிட்டு ஒரு குட்டி ரிமோட்டையும் கொடுத்தான். வீட்டில் ஆளுக்கு ஒரு எண். ஒன்று மாஸ்டர், இரண்டு மனைவி மெட்டில்டா, மூன்று மகன் ஜோனத்தான், நான்கு மகள் ஜாஸ்மின். டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் எண்ணை அமுக்க வேண்டும். பெட்டியில் அந்த எண்ணுக்கு நேராகப் பச்சை விளக்கு எரியும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்தால் அதற்கென்று விருந்தாளி பட்டன் தனியாக இருந்தது.

“வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது சார். சேனல்காரங்க காதுக்குப் போனா பிரச்னை,” என்று முகிலன் சொல்லிவிட்டுப் போனான்.

மாஸ்டருக்கு அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. ஓட்டுப் போட ஐந்து வருஷம் காத்திருக்கிற ஊரில் தனக்கு மட்டும் தினமும் ஓட்டு! கிரிக்கெட், ஹாக்கி, கபடி எது ஓடினாலும் ஜபம் சொல்லாத குறையாக ஒன்றை அமுக்கிவிட்டுத்தான் உட்காருவார். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அணைத்துவிட்டுப் போவார். பி.டி. மாஸ்டருக்கு விதி என்றால் விதி.

இத்தனை செய்தும், வாராவாரம் பேப்பரில் வருகிற பார்வையாளர் கணக்கில் விளையாட்டு தோற்றுக்கொண்டேதான் இருந்தது. அதுவும் யாரிடம்? ‘கொட்டுமா கொட்டாதா’ என்கிற நிகழ்ச்சியிடம். தலைக்கு மேலே மூன்று அண்டா கட்டித் தூக்குவார்கள். இரண்டில் சாயத் தண்ணீர், ஒன்றில் பலூன். போட்டியாளர் ஏதாவது ஒரு அண்டாவுக்குக் கீழே உட்கார வேண்டும். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் கயிற்றை இழுப்பார்கள். தண்ணீர் கொட்டினால் வீட்டுக்கு, பலூன் கொட்டினால் அடுத்த சுற்றுக்கு. அவ்வளவுதான். கேள்வி கிடையாது, பதில் கிடையாது, மூளைக்கு அங்கே வேலையே கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஏழிலிருந்து எட்டு வரை தமிழ்நாடே வாயைப் பிளந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னா மாஸ்டர், பேப்பர பாத்தியா?” என்று டீக்கடையில் ஏகநாதன் கேட்டார். அவர் பரம்பரையாக அந்த ஊர்க்காரர்; தாத்தா காலத்து நெல்வயலில் இப்போது ஐந்து கடையும் ஒரு கல்யாண மண்டபமும் நிற்கின்றன. கிரிக்கெட் விஷயத்தில் மாஸ்டருக்கு ஒரே கூட்டாளி. “செமி ஃபைனல அந்த தண்ணி ஊத்தற ஷோ தோக்கடிச்சிகீது. எவன்யா இத்த குந்திகினு பாக்கறான்? வூட்ல வேற வேலையே இல்லியா?”

“மூளைய கழட்டி வெச்சிட்டுப் பாக்கறானுங்க ஏகநாதன்!” என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் ஆடியது. “அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஃபைனல். அதே ஞாயித்துக்கிழமை அவனுங்களும் ஃபைனல் வெச்சிருக்கானுங்க. பாத்துடலாம் ஒரு கை.”

“நம்ம ரெண்டு பேரு பாத்தா மட்டும் ஆயிடுமா?”

ஆகும் என்று சொல்ல மாஸ்டருக்கு நாக்கு துடித்தது. தன் ஒரு பட்டன் பல ஆயிரம் வீட்டுக்குச் சமம் என்று சொல்லி ஏகநாதன் முகத்தைப் பார்க்க எவ்வளவு ஆசை! சூடான டீயை மடக்கென்று விழுங்கி ரகசியத்தையும் சேர்த்து உள்ளே தள்ளினார்.

இதில் ஒரு தலைகுனிவு அவருக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ‘கொட்டுமா கொட்டாதா’வை ஒருநாள் விடாமல் பார்க்கும் கூட்டத்தில் அவர் மனைவியும் ஒருத்தி. ஏழு மணி அடித்தால் மெட்டில்டா டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மாஸ்டர் அதே நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகுதான் அவர் எதிர்ப்பு. பதினொரு மாதத்தில் ஒருநாள்கூட அவர் திரும்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முகிலன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு டேப்லெட்டை எடுத்துவைத்துக்கொண்டான். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“மேல இருந்து ஒரு க்வெரி வந்திருக்கு சார். உங்க வீட்டுல தினமும் ஏழு மணிக்கு நாலு பட்டனும் ஆன் ஆகுது. எட்டு மணிக்கு நாலும் ஆஃப். நாலு பேரும் ஒருநாள் தவறாம அதே ஷோ. இவ்ளோ ஒத்துமையான குடும்பத்தப் பாத்தா எங்க சாஃப்ட்வேருக்கு சந்தேகம் வந்துடும் சார்.”

“நாலா?” என்றார் மாஸ்டர்.

“நாலும். ஆள் இல்லாம அமுக்கறீங்கன்னு தெரிஞ்சா பெட்டிய கையோட எடுத்துட்டு வந்துடுன்னு சொல்லியிருக்காங்க. அதான் ஒவ்வொருத்தரா கேட்கப் போறேன். நம்பர் ஒன் நீங்கதானே? நீங்க ‘கொட்டுமா கொட்டாதா’ தினமும் பாக்கறீங்களா?”

எந்த நிகழ்ச்சியை மாஸ்டர் தெருத்தெருவாகத் திட்டித் தீர்த்தாரோ அதற்கு அவர் பெயரிலேயே பதினொரு மாதமாகத் தினம் ஓட்டு விழுந்திருக்கிறது! சமையலறை வாசலில் மெட்டில்டா காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் யார் அமுக்கியது என்று கேட்கவேண்டிய அவசியம் மாஸ்டருக்கு இருக்கவில்லை. ஏன் அமுக்கினாள் என்பதுதான் புரியவில்லை.

இல்லை என்று சொன்னால் உண்மை. ஆனால் பெட்டி இப்போதே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு அவர் ஓட்டும் போய்விடும். கட்டின மனைவி வெளியாள் முன்னால் பொய்க்காரியாக நிற்பாள். ஆமாம் என்றால் முப்பத்தோரு வருஷ மானம் போகும்.

“அந்த ஷோவ நான் ஒருநாள்கூட விட்டது கிடையாது,” என்றார்.

முகிலன் நம்பவில்லை. “இப்போ ஃபைனல்ல யார் யார் இருக்காங்க சார்?”

“கிளியம்மாள். செம்பாக்கத்துல பூ விக்கிறவங்க. இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி மேல பட்டதில்ல. அவங்களுக்கு எதிரா மதுரைப் பையன் ஒருத்தன், ஆட்டோ ஓட்டறவன்.” மாஸ்டர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொண்டை சூடாகிவிட்டது. “எல்லாரும் கிளியம்மாளுக்கு அதிர்ஷ்டம்னு சொல்றாங்க. அதிர்ஷ்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்டாவ மேல தூக்கும்போது சாமி கும்பிடறேன்னு சொல்லி கண்ண மூடிக்கிறாங்க இல்ல? அது சாமி இல்லப்பா, காது! தண்ணி இருக்கற அண்டாவ தூக்கினா கயிறு முனகும். பலூன் அண்டா சத்தமில்லாம போகும். அந்த அம்மா கேட்டுட்டுப் போய் உக்காருது. நாடு பூரா கண்ண வெச்சுப் பாத்துட்டு இருக்கு. அந்த அம்மா ஒருத்தி காத வெச்சு ஜெயிக்கிறா. அதுதான் பிளேயர்!”

முகிலன் வாயைத் திறந்தபடி நின்றான். “சார், நானே தினமும் பாக்கறேன். எனக்கு இது தோணவே இல்லியே!”

வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவருக்குக் காது மட்டும் உள்ளேதான் இருந்தது என்பது மெட்டில்டாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்க பேர்ல சந்தேகம் இல்ல சார்,” என்று முகிலன் டேப்லெட்டில் எதையோ தட்டினான். “மூணு, ஜோனத்தான்?”

“அவன் சிறுசேரியில வேலை. வர பத்து பத்தரை ஆகும்.” மெட்டில்டாவே முன்னால் வந்தார். “நாலு, ஜாஸ்மின். அவளக் கட்டிக் குடுத்து ஏழு மாசம் ஆச்சு. கோயம்புத்தூர்ல இருக்கா. நான்தாம்பா அமுக்கினேன். எல்லாத்தையும் நான்தான் அமுக்கினேன்.”

“ஏன் ஆன்ட்டி?”

“ஏழு மணி ஆனா வீட்டுல யாரு இருக்கா? இவர் வெளிய போய் உக்காந்துடுவாரு. ரெண்டாம் நம்பர்னு ஒரே ஒரு லைட் மட்டும் எரியும். பாக்கவே நல்லா இருக்காது. நாலும் எரிஞ்சா நாலு பேரும் இருக்கற மாதிரி இருக்கும். உங்க கணக்கு தப்பாகும்னு எனக்குத் தோணவே இல்லப்பா. சாப்பாட்டு மேஜையில தட்டு வெக்கற மாதிரிதான் அமுக்கினேன்.”

முகிலனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருந்திருக்க வேண்டும். பெட்டியை எடுக்காமல், இனிமேல் எதிரில் உட்கார்ந்தவர் எண்ணை மட்டும் அமுக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டான். கல்யாணமாகிப் போன பெண்ணை இந்த வீட்டுக் கணக்கில் வைக்க முடியாது என்று நாலாம் எண்ணை மட்டும் டேப்லெட்டிலேயே அழித்துவிட்டான். அவன் அதை அழித்தபோது மெட்டில்டா சமையலறைக்குள் போய்விட்டார்.

அன்று இரவு ஏழு மணிக்கு மாஸ்டர் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தார். ஆனால் முதுகு நிலைகொள்ளவில்லை. பதினொரு மாதத்தில் முதல்தடவையாகத் திரும்பினார். அங்கிருந்து டிவி தெரியாது, ஷோகேஸ் மட்டும்தான் தெரியும். குழந்தை இயேசுவின் காலடியில் ஒற்றைப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வரவில்லை என்றாலும் ஏன் என்று கேட்ட மனிதர், தன் வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போகலாம் என்று எழுந்தும்விட்டார். ஆனால் உள்ளே போனால் ஒன்றை அமுக்க வேண்டும். தெரிந்தே எதிரிக்கு ஓட்டுப் போடுவதா? ஃபைனல் வரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்று மறுபடி உட்கார்ந்தார். பிடிவாதமும் ஒரு வியாதிதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஏழு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும், ஏழரைக்கு மேட்ச். ஏழரை வரை டிவி மெட்டில்டாவுக்கு, அதற்குப் பிறகு மாஸ்டருக்கு. கிளியம்மாள் வர எப்படியும் எட்டரை ஆகும் என்று தெரிந்தும் மெட்டில்டா தலையாட்டினார். “யார் ஜெயிச்சாங்கன்னு ஜாஸ்மின் போன்ல சொல்லிடுவா,” என்றார்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தோளில் ஒரு பையோடு ஜாஸ்மினே வந்து நின்றாள். “என் நம்பர எடுத்துட்டாங்கன்னு சொல்லி மம்மி போன்ல ஒரே அழுகை. அதான் நேர்லயே வந்துட்டேன்,” என்றாள். மெட்டில்டா அவள் பையைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோனார். மாஸ்டர் அந்த நேரத்திலும் விடாமல் நண்டு வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு மெட்டில்டா இரண்டை அமுக்கினார். லீவில் இருந்த ஜோனத்தான் மூன்றை அமுக்கினான். ஜாஸ்மின் ரிமோட்டை வாங்கி, பழக்கத்தில் நான்கை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். எரியவில்லை. மெட்டில்டா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விருந்தாளி பட்டனை அமுக்கினாள். கடைசியில் இருந்த விளக்கு எரிந்தது.

“பாருங்க மம்மி, கெஸ்ட்டுக்கும் அதே பச்சதான்,” என்று சிரித்தாள். மெட்டில்டாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஏழரைக்கு உள்ளே வந்தார். பிள்ளைகள் இருவரும், “டாடி, ப்ளீஸ் டாடி,” என்று கத்தினார்கள். “கோயம்புத்தூர்ல இருந்து நான் மேட்ச் பாக்கவா வந்தேன்?” என்றாள் ஜாஸ்மின். “ஸ்கோர நான் என் மொபைல்ல சொல்றேன் டாடி,” என்றான் ஜோனத்தான்.

மெட்டில்டாதான் எழுந்து டிவி ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். “பேசினது பேசினதுதான். மேட்ச போடுங்க.”

மாஸ்டர் ஷோகேஸைப் பார்த்தார். மூன்று விளக்குகள் எரிந்தன. அழித்துவிட்ட நாலாவதை விட்டால், ஒன்றாம் விளக்கு மட்டும் இருட்டாக இருந்தது. இந்த ஒரு ராத்திரிக்காகத்தான் அந்தப் பெட்டியை, மானத்தைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தார். இப்போது சேனலை மாற்றினால் அவர் ஓட்டு மேட்சுக்குத்தான், ஏகநாதனிடம் சொன்ன ‘பாத்துடலாம் ஒரு கை’யும் நிற்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு மொபைலை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போவார்கள். மெட்டில்டா சமையலறைக்குப் போவாள். அப்போது எரிவது ஒற்றை விளக்குத்தான்; எண் மட்டும் இரண்டுக்குப் பதில் ஒன்று.

டிவி ரிமோட்டைச் சோபாவில் போட்டார். குட்டி ரிமோட்டை எடுத்து ஒன்றை அமுக்கினார். நாலு விளக்குகள் எரிந்தன. பொய் விளக்கு ஒன்றுகூட அதில் இல்லை.

“தள்ளி உக்காரு,” என்று மெட்டில்டாவிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எட்டேமுக்காலுக்குக் கிளியம்மாள் வந்தார். மாஸ்டர் அசந்துபோனார். குரலை வைத்து நல்ல உயரமான ஆள் என்று மனதில் நினைத்து வைத்திருந்தார். பார்த்தால் ஜோனத்தான் தோளுக்குக்கூட வரமாட்டார். ஆட்டோக்காரப் பையன் ஏற்கெனவே நீலத்தில் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றான். கிளியம்மாள் தப்பித்தால் பட்டம் அவருக்கு. அண்டாக்கள் மேலே எழும்ப ஆரம்பித்தன. அன்றைக்கென்று பார்த்து, இறுதிச் சுற்று என்பதால், பாட்டை அலறவிட்டார்கள்.

“அய்யோ, பாட்டு போட்டுட்டானுங்களே!” என்று மாஸ்டர் எழுந்தே விட்டார். “கயிறு சத்தம் அந்த அம்மாவுக்குக் கேக்காதே! ஆட்டத்தையே கெடுத்துட்டானுங்க!”

கிளியம்மாள் கையைத் தூக்கினார். “யப்பா, அந்த பாட்ட செத்த நிறுத்துங்கப்பா. சாமி கும்புட்டுக்கறேன்.”

பாட்டு நின்றது. கிளியம்மாள் கண்ணை மூடினார்.

“பிளேயர்! பிளேயர்!” மாஸ்டர் குதித்த குதியில் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. “எல்லாரும் வாய மூடுங்க. கேளுங்க... முதல் அண்டா முனகுது... ரெண்டும் முனகுது... மூணு! மூணாவதுல போய் உக்காரும்மா!”

கிளியம்மாள் மூன்றாவது அண்டாவுக்குக் கீழே போய்க் கொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். எண்ண ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் போன் அடித்தது. ஏகநாதன்.

“இன்னா மாஸ்டர், மேட்ச் பாத்துகினு கீறியா?”

“பாத்துட்டுதான் இருக்கேன்.”

“நானும்தான். செம மேட்ச்,” என்றார் ஏகநாதன். அவர் குரலுக்குப் பின்னால், ‘ஏழு, ஆறு, அஞ்சு’ என்று யாரோ எண்ணுவது துல்லியமாகக் கேட்டது. இந்தப் பக்கத்து ‘ஏழு, ஆறு, அஞ்சு’ அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் போனை வைத்தார்கள்.

கயிற்றை இழுத்தார்கள். பலூன்கள் கொட்டின. மாஸ்டர் வீட்டில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, கிரிக்கெட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சேனலை மாற்றிப் பார்த்தாராம்.

வியாழக்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. கிரிக்கெட் ஃபைனலை ‘கொட்டுமா கொட்டாதா’ நன்றாகவே தோற்கடித்திருந்தது. ஜாஸ்மின் அதற்கு முந்தின நாளே ஊருக்குத் திரும்பியிருந்தாள். தீபாவளிக்கு வருவதாகவும் விருந்தாளி பட்டனில் தூசி படியவிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். டீக்கடையில் ஏகநாதன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் முகத்தைப் பார்க்காமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“இத்த எந்த வூட்ல மாஸ்டர் குந்திகினு பாக்கறானுங்க?”

மாஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக மூன்றாவது ஆளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“எல்லாரும் வந்து சேந்த வீட்டுல பாத்திருப்பாங்க ஏகநாதன்,” என்றார். பிறகு மணியைப் பார்த்தார். ஆறே முக்கால். டிவியில் எது ஓடினாலும் ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.